அமெரிக்காவில் பைக் ரோடு ரேஸிங் ஏன் ரசிகர்களை இழந்தது?

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: கென்னி ராபர்ட்ஸ், எடி லாசன், வேய்ன் ரெய்னி என்று உலகச் சாம்பியன்களை வரிசையாக அனுப்பிய அமெரிக்காவில் இன்று தார் டிராக்கில் நடக்கும் பைக் ரோடு ரேஸிங்கை ஏன் யாரும் கண்டுகொள்வதில்லை? அமெரிக்கர்கள் ஜெயிப்பதை நிறுத்திவிட்டதால்தானா?

யாருமே கண்டுகொள்வதில்லை என்பது கொஞ்சம் அதிகப்படி. டெக்சாஸின் ஆஸ்டினில், பைக் ரோடு ரேஸிங்கின் உச்ச உலகப் போட்டியான மோட்டோஜிபி நடக்கும் வார இறுதியில் கூட்டம் வரத்தான் செய்கிறது. ஆனால் சரிவு உண்மை. நாஸ்கார் கார் ரேஸ், ஃபார்முலா 1, அரங்கத்துக்குள் மண்ணில் தாவும் சூப்பர்கிராஸ் எல்லாவற்றுக்கும் பின்னால்தான் ரோடு ரேஸிங் நிற்கிறது. இப்போதைய தேசிய சூப்பர்பைக் சாம்பியன் யார் என்று கேட்டால், தினமும் பைக் ஓட்டுகிற அமெரிக்கரிலேயே பலருக்குப் பதில் தெரியாது.

‘நம் ஆள் ஜெயிக்கவில்லை, அதனால் பார்க்கவில்லை’ என்ற விளக்கத்தை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். தேதிகள் ஒத்துவரவில்லை. 2006ல் நிக்கி ஹேடன் மோட்டோஜிபி உலகச் சாம்பியன். 2009ல் பென் ஸ்பீஸ் உலக சூப்பர்பைக் சாம்பியன். அமெரிக்காவின் உள்நாட்டுப் போட்டி தலைகுப்புற விழத் தொடங்கியதும் அதே 2009ல்தான். அதாவது ஆட்கள் ஜெயித்துக்கொண்டிருந்தபோதே ரசிகர்கள் கழன்றுகொண்டிருந்தார்கள்.

என் கணிப்பு இது. அமெரிக்க ரசிகருக்கு ரோடு ரேஸிங்கோடு இரண்டு வழியில் சொந்தம் இருந்தது. ஒன்று, டிராக்கில் ஓடும் வண்டி அவர் வீட்டு கராஜில் நிற்கும் வண்டி. இரண்டு, அதை ஓட்டுகிறவன் அவர் ஊர்த் திருவிழாவில், மண் டிராக்கில் பார்த்த பையன். இரண்டும் தனித்தனியாக, வெவ்வேறு காரணங்களால் அறுந்துபோயின. நடுவில் நிர்வாகமும் தன் பங்குக்குச் சொதப்பியது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பொற்காலம். 1978 முதல் 1993 வரை 16 சீசன்கள். அவற்றில் 13ல், இன்றைய மோட்டோஜிபியின் முந்தைய வடிவமான 500 சிசி உலகப் பட்டம் அமெரிக்கருக்கே போனது. ராபர்ட்ஸ் மூன்று, ஃப்ரெடி ஸ்பென்சர் இரண்டு, லாசன் நான்கு, ரெய்னி மூன்று, கெவின் ஷ்வான்ட்ஸ் ஒன்று. நடுவில் இத்தாலியின் லுக்கினெல்லி, உன்சினி, ஆஸ்திரேலியாவின் வேய்ன் கார்ட்னர் ஆகியோர் தலைக்கு ஒன்று எடுத்தார்கள், அவ்வளவுதான். ஐரோப்பாவின் விளையாட்டில், ஐரோப்பாவின் டிராக்குகளில், கடல் கடந்து வந்தவர்கள் இப்படி ஆண்டதற்குக் காரணம் மண்.

அமெரிக்க மோட்டார்சைக்கிளிஸ்ட் சங்கமான ஏஎம்ஏ 1954 முதல் கிராண்ட் நேஷனல் என்ற தேசியச் சாம்பியன்ஷிப்பை நடத்தியது. அதில் ஒரு மைல் மண் வட்டம், அரை மைல், குறுகிய வட்டம், தாவல்களும் வலது திருப்பமும் உள்ள டிடி, தார் ரோடு என எல்லாவற்றின் புள்ளிகளும் ஒரே கணக்கில் சேரும். தேசியச் சாம்பியன் ஆக வேண்டுமென்றால் ஒரு வாரம் மண்ணில் சறுக்க வேண்டும், அடுத்த வாரம் தாரில் சாய வேண்டும். ராபர்ட்ஸ் 1973லும் 1974லும் ஜெயித்தது இந்தப் பட்டத்தைத்தான்.

மண் வட்ட வண்டியை ஒருமுறை கிட்டத்தில் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். அதற்கு முன் பிரேக்கே கிடையாது. ரைடரின் இடது பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு கட்டியிருப்பார்கள். வளைவு நெருங்கும்போது அந்தக் காலைத் தரையில் ஊன்றி, வண்டியைக் குறுக்கே போட்டு, ஆக்ஸிலேட்டரைத் திருகியே பின் சக்கரத்தை வழுக்கவிடுவார். முன் சக்கரம் வலப்பக்கம் பார்க்கும், வண்டி இடப்பக்கம் போகும். மணிக்கு நூறு மைலுக்கு மேல், பக்கத்தில் முழங்கை இடிக்கிற தூரத்தில் இன்னும் நாலு பேர். பதினாறு பதினேழு வயதில் இதைச் சாதாரணமாகச் செய்த பையன்களிடம் 500 சிசி டூ ஸ்ட்ரோக் ரேஸ் வண்டியைக் கொடுத்தார்கள். அந்த வண்டியின் சக்தி சீராக ஏறாது. ஒரு கட்டம் வரை மந்தமாக இருந்துவிட்டு, அதற்கப்புறம் ஒரேயடியாகப் பின் டயரில் வந்து மோதும். அது சறுக்கும்போது மற்றவர்கள் பயந்து கையைத் தளர்த்தினார்கள். அமெரிக்கப் பையன்கள் அதை வைத்தே வண்டியைத் திருப்பினார்கள்.

இந்த மரபின் உச்சம் 1975ல் இண்டியானாபொலிஸ் மைல். ரோடு ரேஸுக்காகச் செய்த யமஹா டிஇசட்750ன் நான்கு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் இன்ஜினை மண் வட்டச் சட்டத்தில் பொருத்தி ராபர்ட்ஸ் இறங்கினார். பின் வரிசையில் தொடங்கி, வைக்கோல் கட்டுகளை உரசுகிற அளவுக்கு வெளி ஓரமாகவே சுற்றி, கடைசி நேரத்தில் ஹார்லி ஆட்களைத் தாண்டி ஜெயித்தார். இதை ஓட்டுவதற்குத் தருகிற காசு பத்தாது என்று அவர் சொன்னது இன்றும் அங்கே மேற்கோள் காட்டப்படுகிறது. அப்படிப்பட்ட இன்ஜின்களை மண்ணில் தடை செய்துவிட்டார்கள்.

ரசிகரின் பக்கத்திலிருந்து பார்ப்போம். மாவட்டக் கண்காட்சி நடக்கும் மைதானத்தின் குதிரை வட்டத்தில் இந்தப் பையனை அவர் பார்த்திருக்கிறார். மூன்று வருடம் கழித்து அவனே ஐரோப்பாவில் உலகப் பட்டம் வாங்கினால், அது தூர தேசத்துச் செய்தியாகத் தெரியாது. 1986ல் ஏஎம்ஏ ரோடு ரேஸிங்கைத் தனிச் சாம்பியன்ஷிப்பாகப் பிரித்தது. நிர்வாகக் கண்ணில் அது நியாயமான முடிவு. ஒரே ஆள் நான்கு வகை வண்டி வைத்துக்கொண்டு நாடு சுற்றுவது கட்டுப்படியாகவில்லை. ஆனால் மண்ணிலிருந்து தாருக்குப் போகிற பாதை அன்றே ஒற்றையடிப் பாதை ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் ஹேடன் மாதிரி சிலர் அந்த வழியில் வந்தார்கள். கென்டக்கியின் ஓவன்ஸ்பரோவில் அந்தக் குடும்பத்தில் அண்ணன் தம்பி மூவருமே மண்ணில் வளர்ந்தவர்கள். நிக்கியின் 69ஆம் எண் அப்பாவிடமிருந்து வந்தது. அடிக்கடி விழுகிறவர் அவர், தலைகீழாகக் கிடந்தாலும் எண்ணைப் படிக்கலாமே என்று எடுத்தாராம்.

சரி, வண்டியின் கதைக்கு வருவோம். 1976ல் ஏஎம்ஏ சூப்பர்பைக் என்று ஒரு வகுப்பைத் தொடங்கியது. இன்று உலகம் முழுக்க இருக்கும் சூப்பர்பைக் ரேஸிங்குக்கெல்லாம் அதுதான் தாய். ஷோரூமில் விற்கிற பெரிய வண்டி, உயரமான ஹேண்டில்பார். முதல் பட்டத்தை ரெஜ் பிரிட்மோர் பிஎம்டபிள்யூ ஆர்90எஸ்ஸில் வாங்கினார். அப்புறம் ஜப்பான் கம்பெனிகள் புகுந்தன. கவாசாகியில் எடி லாசன் 1981, 1982 இரண்டு வருடமும் ஜெயிக்க, கவாசாகி அதே பச்சை நிறத்தில், அதே தோரணையில் கேஇசட்1000ஆர் வண்டியை விற்பனைக்கு விட்டது. லாசன் ரெப்ளிகா என்றே அதைச் சொல்வார்கள், இன்று அது சேகரிப்பாளர்கள் தேடுகிற வண்டி. ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் திங்கட்கிழமை விற்பனை என்பது அமெரிக்க மோட்டார் தொழிலின் பழைய கணக்கு. அதை இவ்வளவு அப்பட்டமாக வேறு எங்கும் பார்க்க முடியாது.

எண்பதுகளின் நடுவில் சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் வந்தது. ரேஸ் வண்டியைப் போலவே இருக்கும் வண்டியை இருபது வயதுப் பையன் வாங்கலாம் என்ற நிலை வந்தது. அடுத்த இருபது வருடம் 600 சிசியும் 1000 சிசியும் அமெரிக்காவில் குவிந்து விற்றன. 2000த்தின் நடுப்பகுதியில் நாட்டின் மொத்த பைக் விற்பனை வருடத்துக்குப் பத்து லட்சத்தைத் தாண்டியது. ரோடு ரேஸிங்கின் கூட்டம் இவர்கள்தான். தன்னிடம் உள்ள 600 சிசி யமஹா ஆர்6 டிராக்கில் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்தவர்கள்.

இந்த நேரத்தில் உலக அரங்கில் ஒரு இடைவெளி விழுந்திருந்தது. 1993 செப்டம்பரில் இத்தாலியின் மிசானோவில், புள்ளிப் பட்டியலில் முன்னிலையில் இருந்த ரெய்னி விழுந்து முதுகெலும்பு முறிந்து, மார்புக்குக் கீழே உணர்வை இழந்தார். பட்டம் ஷ்வான்ட்ஸுக்குப் போனது. லாசன் அதற்கு முந்தைய வருடமே ஓய்வு பெற்றிருந்தார், ஷ்வான்ட்ஸ் 1995ல் விலகினார். மூன்றே வருடத்தில் மூன்று பெரிய பெயர்களும் காலி. ஆஸ்திரேலியாவின் மிக் டூஹன் தொடர்ந்து ஐந்து பட்டம் எடுத்தார். 2000ல் கென்னி ராபர்ட்ஸின் மகன் பட்டம் வாங்கினாலும் அந்தப் பழைய அலை திரும்பவில்லை. கலிபோர்னியாவின் லகூனா செக்காவில் நடந்த அமெரிக்க கிராண்ட் பிரி 1994க்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் நின்றே போனது. 2005ல் திரும்பி வந்தபோது ஹேடன் சொந்த மண்ணில் அந்த வருடமும் அடுத்த வருடமும் ஜெயித்தார். கார்க்ஸ்க்ரூ என்ற அந்தப் புகழ்பெற்ற சரிவில், ஆறு மாடி உயரத்துக்குக் கிட்டத்தட்ட வண்டி கீழே இறங்கும் இடத்தில், அன்று இருந்த கூட்டத்தைப் பார்த்தவர்கள் அமெரிக்காவில் ரோடு ரேஸிங் செத்துவிடும் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் உள்நாட்டுப் போட்டிக்குள் அப்போதே சலிப்பு தட்டியிருந்தது. 2003 முதல் 2009 வரை ஏழு வருடமும் சூப்பர்பைக் பட்டம் சுசுகிக்கே. நான்கு முறை ஆஸ்திரேலியரான மாட் மிளாடின், மூன்று முறை ஸ்பீஸ். இருவரும் ஒரே அணி. மற்றவர்கள் மூன்றாவது இடத்துக்குத்தான் சண்டை போட்டார்கள். ஃபுளோரிடாவின் டேட்டோனா 200 என்ற பெரிய ரேஸும் தேய்ந்தது. 1937ல் கடற்கரை மணலில் தொடங்கி, 1961ல் ஸ்பீட்வேக்கு மாறி, எழுபதுகளில் சாரினென், அகோஸ்டினி போன்ற ஐரோப்பிய ஜாம்பவான்களே வந்து ஓட்டி ஜெயித்த ரேஸ் அது. வளைவில் சரிவாக உயர்த்திய சாய்தளத்தில் 1000 சிசி வண்டியின் வேகத்துக்கு டயர் தாங்குமா என்ற பயம் வந்ததும் 2005ல் அதைச் சிறிய வகுப்புக்கு இறக்கிவிட்டார்கள். நாட்டின் பெயர்பெற்ற பைக் ரேஸில் நாட்டின் முன்னணி ரைடர்கள் ஓட்டவில்லை என்ற விசித்திரம். அதே மார்ச் வாரத்தில் டேட்டோனா பைக் வீக்குக்கு லட்சக்கணக்கான பேர் வருகிறார்கள். பெரும்பாலானவர்கள் மெயின் தெருவில் ஹார்லியை நிறுத்திவிட்டு பீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஸ்பீட்வே வாசலைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்காதவர்களே அதிகம். பைக் வைத்திருப்பவரெல்லாம் பைக் ரேஸ் ரசிகர் என்று கணக்குப் போட்டால் அமெரிக்காவில் தப்பாகத்தான் வரும்.

2008 இறுதியில் இரண்டு அடி ஒன்றாக விழுந்தது. ஒன்று பொருளாதார நெருக்கடி. அதுவரை தாராளமாகக் கிடைத்த கடன் நின்றது. இரண்டே வருடத்தில் பைக் விற்பனை பாதிக்கும் கீழே போனது. அதிலும் முதல் அடி ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு. இளைஞன் கடனில் வாங்குகிற வண்டி அது, காப்பீடும் எக்கச்சக்கம். ரேஸ் அணிகளுக்கு ஜப்பான் கம்பெனிகள் கொடுத்த பணம் அந்த விற்பனையிலிருந்து வந்ததுதான். விற்பனை நின்றதும் பணமும் நின்றது. சிகரெட் கம்பெனிகள் அதற்கு முன்பே சட்டத்தால் வெளியேறியிருந்தன.

இரண்டாவது அடி நிர்வாகம். ஏஎம்ஏ தன் ரேஸ் உரிமைகளை டேட்டோனா மோட்டார்ஸ்போர்ட்ஸ் குரூப்புக்கு விற்றது. நாஸ்கார் குடும்பத்தின் ஜிம் பிரான்ஸும் ரோஜர் எட்மண்ட்சனும் அதன் பின்னால் இருந்தவர்கள். நாஸ்காரில் வேலை செய்த சூத்திரம் இங்கேயும் செய்யும் என்று நினைத்தார்கள். கம்பெனிகளின் செல்வாக்கைக் குறைத்து, வண்டிகளை ஒருவருக்கொருவர் சமமாக்கி, தேவைப்பட்டால் ரேஸின் நடுவே வேகம் குறைக்கும் காரையும் இறக்கி, கடைசிச் சுற்று வரை இழுபறியாக வைத்திருப்பது. வகுப்புகளின் பெயர்கள் மாறின. 600 சிசி ஜப்பான் வண்டிகள் ஓடும் டேட்டோனா ஸ்போர்ட்பைக் வகுப்பில் ஹார்லி-டேவிட்சனின் துணைக் கம்பெனியான ப்யூலின் (Buell) 1125 சிசி வண்டியை அனுமதித்தார்கள். 2009ல் டேனி எஸ்லிக் அதில்தான் பட்டம் வாங்கினார். எஸ்லிக் நல்ல ரைடர், அவர் மேல் குறை இல்லை. ஆனால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பெரிய இன்ஜினை 600 சிசியோடு ஓடவிட்டால், தன் ஆர்6க்காக வந்த ரசிகர் என்ன நினைப்பார்? இதில் கொடுமை என்னவென்றால், பட்டம் வந்த அதே அக்டோபரில் ஹார்லி-டேவிட்சன் ப்யூல் கம்பெனியையே மூடுவதாக அறிவித்துவிட்டது. ஜெயித்த வண்டியைத் திங்கட்கிழமை வாங்க முடியாது.

ஹோண்டா தன் தொழிற்சாலை அணியை 2009 சீசனுக்கு அனுப்பவில்லை. கம்பெனிகள் கொஞ்சம் திமிராகத்தான் நடந்துகொண்டன, எல்லாம் தங்கள் இஷ்டப்படி நடக்க வேண்டும் என்ற பழக்கம் அவர்களுக்கு இருந்தது. அதை அடக்க நினைத்தது தப்பில்லை என்றே நான் நினைக்கிறேன். அடக்கிய நேரம்தான் தப்பு. நெருக்கடி வந்து, வெளியேறக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆயிற்று. 2014 வாக்கில் தேசிய சூப்பர்பைக் காலண்டர் வெகுவாகச் சுருங்கிப்போனது.

தொலைக்காட்சியும் அதே நேரத்தில் கைவிட்டது. ஸ்பீட் என்று மோட்டார் விளையாட்டுக்கென்றே ஒரு சேனல் இருந்தது. மோட்டோஜிபி, உலக சூப்பர்பைக், ஏஎம்ஏ மூன்றையும் அதில் பார்க்கலாம். வேறு எதையோ பார்க்க வந்து சேனல் மாற்றுகிறவன்கூடத் தற்செயலாக மாட்டிக்கொள்வான். 2013 ஆகஸ்டில் அது ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் 1 ஆனது, பைக்குக்கு அங்கே முன்புபோல் இடமில்லை. மோட்டோஜிபி அதன் பிறகு சேனல் சேனலாகக் கைமாறியது. ஒவ்வொரு முறையும் ரசிகர் புதிய சந்தா கட்டித் தேட வேண்டும். ஐரோப்பாவில் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் ரேஸ் நியூயார்க்கில் காலை எட்டு, கலிபோர்னியாவில் விடியற்காலை ஐந்து. முன்பே பிடித்துப்போனவர் அலாரம் வைத்து எழுந்து பார்ப்பார். புதிதாக ஒருவர் இந்த நேரத்தில் வந்து மாட்டுவாரா?

இதற்கு நேர் எதிரே சூப்பர்கிராஸைப் பாருங்கள். 1972ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கொலிசியம் அரங்கத்தில் மண்ணைக் கொட்டி மோட்டோகிராஸ் நடத்தினார்கள். மார்ட்டி ட்ரிப்ஸ் என்ற பதினாறு வயதுப் பையன் ஜெயித்தான். அதிலிருந்து வளர்ந்தது இன்று ஜனவரி முதல் மே வரை, சனிக்கிழமை மாலைகளில், ஊருக்கு நடுவிலிருக்கும் பெரிய கால்பந்து, பேஸ்பால் அரங்கங்களில் நடக்கிறது. இருக்கையில் உட்கார்ந்தால் முழு டிராக்கும் தெரியும். வாணவேடிக்கை உண்டு, ராத்திரி பத்து பதினொன்றுக்குள் குடும்பத்தோடு வீடு திரும்பலாம். ரோடு ரேஸ் என்றால் விஸ்கான்சினின் எல்க்ஹார்ட் லேக் மாதிரி ஒரு கிராமத்துக்கு ஓட்டிப்போய், வெயிலில் ஒரு வளைவு ஓரமாக உட்கார்ந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டிகள் கண்ணில் படும் சில நொடிகளுக்காகக் காத்திருக்க வேண்டும். எனக்கு அது பிடிக்கும். பத்து வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு போகிற அப்பா எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

திறமையும் அந்தப் பக்கமே போகிறது. அமெரிக்கக் குழந்தை நாலு ஐந்து வயதில் யமஹா பிடபிள்யூ50 மாதிரி குட்டி மண் வண்டியில் வீட்டுப் பின்புறத்தில் ஆரம்பிக்கும். லைசென்ஸ் வேண்டாம், தார் டிராக் வாடகை வேண்டாம், விழுந்தாலும் மண். அங்கிருந்து வட்டார மோட்டோகிராஸ், பிறகு டென்னசியில் லொரெட்டா லின் பண்ணையில் நடக்கும் தேசிய அமெச்சூர் போட்டி, அதற்கப்புறம் சம்பளம் தரும் அணிகள். படிகள் தெளிவாக இருக்கின்றன. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் இதே மாதிரி தெளிவான படிகள் தாரில் இருக்கின்றன. குட்டி வண்டிகளின் மினிமோட்டோ, ஜூனியர் போட்டிகள், மோட்டோஜிபிக்குக் கீழே உள்ள மோட்டோ3, மோட்டோ2 வகுப்புகள். அமெரிக்கப் பையன் அதில் ஏற வேண்டுமென்றால் பதின்மூன்று பதினான்கு வயதில் ஊரையும் பள்ளியையும் விட்டு ஸ்பெயினுக்குக் குடிபோக வேண்டும், சீட்டுக்குப் பணமும் கட்ட வேண்டும். ஜே.டி. பீச் என்ற அமெரிக்கர் 2008ல் ஐரோப்பாவில் இளம் ரைடர்களுக்கான ரெட் புல் ரூக்கீஸ் கப்பையே ஜெயித்தார். அந்தக் கப்பை ஜெயித்த ஐரோப்பியப் பையன்கள் பலர் மோட்டோஜிபி வரை போனார்கள். பீச் ஊர் திரும்பி, உள்நாட்டு சூப்பர்ஸ்போர்ட்டிலும் மண் வட்டத்திலும் பிழைத்துக்கொண்டார். அதே 2008ல் அமெரிக்காவிலும் ஒரு ரூக்கீஸ் கப் தொடங்கினார்கள். ஒரே வருடத்தோடு நின்றது.

இதற்குள் வண்டியும் மாறிவிட்டது. 2002ல் மோட்டோஜிபி ஃபோர் ஸ்ட்ரோக்குக்குப் போனது. சறுக்கலைக் கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக்ஸ் வளர வளர, மண்ணில் கற்ற அந்த வித்தையின் மதிப்பு குறைந்தது. முன் டயரை நம்பி வளைவுக்குள் ஆழமாக பிரேக் பிடிப்பதும், சின்ன வண்டியில் பழகிய துல்லியமும் முக்கியமாயின. வேடிக்கை என்னவென்றால், மார்க் மார்க்கேஸ் உட்பட ஐரோப்பிய ரைடர்கள் இன்று பயிற்சிக்கு மண் வட்டத்தில்தான் சுற்றுகிறார்கள். அமெரிக்காவின் பாடத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஸ்பீஸ் 2011ல் நெதர்லாந்தின் அசெனில் ஜெயித்ததுதான் மோட்டோஜிபி முதன்மை வகுப்பில் ஒரு அமெரிக்கரின் கடைசி வெற்றி. காயங்களால் அவர் 2013ல் ஓய்வு பெற்றார். ஹேடன் 2015 முடிவில் உலக சூப்பர்பைக்குக்கு மாறினார், 2017 மே மாதம் இத்தாலியில் சைக்கிள் ஓட்டும்போது கார் மோதி இறந்தார். 2016 முதல் மோட்டோஜிபியில் முழு நேர அமெரிக்கர் கிடையாது. மோட்டோ2வில் ஜோ ராபர்ட்ஸ் 2022ல் போர்ச்சுகலில் ஒரு ரேஸ் ஜெயித்தார். 2024ல் நாஸ்கார் உலகத்தைச் சேர்ந்த ட்ராக்ஹவுஸ் என்ற அமெரிக்க அணியே மோட்டோஜிபிக்கு வந்தபோது அவர் பெயர் பலமாக அடிபட்டது. கடைசியில் அந்த இடம் ஜப்பானின் ஆய் ஓகுராவுக்குப் போனது. ஓட்டத்தை வைத்துப் பார்த்தால் அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது.

ஷோரூம் பக்கமும் மெலிந்தது. 600 சிசி என்ற வகுப்பே தேய்ந்து, யமஹா 2020 மாடலோடு ஆர்6ஐ அமெரிக்கத் தெருக்களிலிருந்து விலக்கிக்கொண்டது. 1000 சிசி வண்டிகள் கார் விலைக்கு ஏறின. 1990ல் முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த சராசரி அமெரிக்க பைக் உரிமையாளரின் வயது இப்போது ஐம்பதைத் தொட்டுவிட்டது. ஐம்பது வயதுக்காரர் முழங்காலை மடக்கிக் குனிந்து ஓட்டும் வண்டி வாங்குவதில்லை. அவர் வாங்குவது ஹார்லி ரோட் கிளைட் மாதிரி அகலமான சீட், பக்கப் பெட்டிகள், ஸ்டீரியோ எல்லாம் வைத்த பெரிய வண்டி.

இங்கேதான் கதை எதிர்பாராத பக்கம் திரும்புகிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் அதே வேய்ன் ரெய்னி, சில பங்காளிகளோடு சேர்ந்து 2015ல் தேசியப் போட்டியை எடுத்துக்கொண்டு மோட்டோஅமெரிக்கா என்று பெயரிட்டார். சூப்பர்பைக்கைச் சீர்படுத்தினார்கள், நல்ல வேலைதான். ஆனால் கூட்டத்தை இழுத்தது வேறு ஒன்று. 2020ல் லகூனா செக்காவில், விளையாட்டாக, பெட்டி வைத்த டூரிங் வண்டிகளுக்கு ஒரு ரேஸ் வைத்தார்கள். கிங் ஆஃப் தி பேகர்ஸ் என்று பெயர். ஹார்லியின் பழைய போட்டியாளரான இண்டியன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் வண்டியில் டைலர் ஓஹாரா ஜெயித்தார். சிரித்தவர்களே அதிகம். ஆனால் அந்த வீடியோவை எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த வருடம் அது மூன்று சுற்று, அப்புறம் முழுச் சாம்பியன்ஷிப். ஹார்லியும் இண்டியனும் தொழிற்சாலை அணிகளோடு மோதுகின்றன. ஹார்லி தொண்ணூறுகளில் விஆர்1000 என்ற அசல் சூப்பர்பைக்கைச் செய்து, எட்டு சீசன் ஓட்டி, ஒரு ரேஸ்கூட ஜெயிக்காமல் மூட்டை கட்டிய கம்பெனி என்பதை நினைத்தால் இதன் ருசி தெரியும்.

மோட்டோஜிபி வண்டியின் குறைந்தபட்ச எடை 157 கிலோ. பேகருக்கு 620 பவுண்டு, அதாவது 281 கிலோ. பின்னால் இரண்டு பெட்டியும் இருந்தே ஆக வேண்டும். சாயும்போது பெட்டி தரையைத் தேய்க்காமலிருக்க சஸ்பென்ஷனைத் தூக்கிக் கட்டுகிறார்கள், அதனால் வண்டி ஒட்டகம் மாதிரி உயர்ந்து நிற்கும். அந்த உருவம் டேட்டோனாவின் சாய்தளத்தில் மணிக்கு 180 மைலைத் தாண்டுகிறது. பிரேக் பிடிக்கும் இடத்தில் பின் சக்கரம் ஆடுவதும், ரைடர் முழங்கை தரையை நெருங்கச் சாய்வதும், பெட்டி பக்கத்து வண்டியில் உரசுவதும் தெளிவாகத் தெரியும். மோட்டோஜிபியில் இவ்வளவு உழைப்பு கண்ணுக்குத் தெரியாது. கம்பியில் இழுத்த மாதிரி ஓடிவிடும்.

தூய்மைவாதிகள் இதை சர்க்கஸ் என்கிறார்கள். 1976ல் உயரமான ஹேண்டில்பார் வைத்துக்கொண்டு ஆடி ஆடி ஓடிய சூப்பர்பைக்கும் சர்க்கஸாகத்தான் தெரிந்திருக்கும். ஐம்பது வயது ரசிகர் வேலியோரம் நின்று ‘அது என் வண்டி’ என்று சொல்ல முடிகிறது என்பதுதான் இதன் பலம். 2026ல் மோட்டோஜிபி வார இறுதிகளிலேயே ஹார்லி பேகர் உலகக் கோப்பை நடக்கும் என்று அறிவித்தார்கள். அமெரிக்கா ஐரோப்பாவுக்கு மீண்டும் ஒன்றை ஏற்றுமதி செய்கிறது, ஆனால் இம்முறை ரைடரை அல்ல.

ஒரு இடைச்செருகல். இந்த மோட்டோஅமெரிக்கா மேடையில் சென்னைக்கும் ஒரு இடம் கிடைத்தது. ராயல் என்ஃபீல்டு 2021 முதல் பெண்களுக்கென்று ஒரு வகுப்பை அங்கே நடத்தியது. சென்னை அருகே தயாராகும் கான்டினென்டல் ஜிடி 650ஐத் தங்கள் கையாலேயே ரேஸ் வண்டியாக மாற்றி, பயிற்சி எடுத்து ஓட்ட வேண்டும். வேகம் பெரிதாக இல்லை. ஆனால் கடையில் விற்கும் வண்டியையே ரேஸில் பார்க்கிற அந்தப் பழைய சொந்தம் அதிலும் இருந்தது.

சரி, பழைய நிலை திரும்புமா? ஃபார்முலா 1ஐ அமெரிக்காவில் தூக்கி நிறுத்திய லிபர்ட்டி மீடியா, 2025ல் மோட்டோஜிபியின் உரிமையையும் வாங்கி முடித்தது. நெட்ஃபிளிக்ஸ் தொடர், மயாமி, லாஸ் வேகஸ் என்று காருக்குச் செய்ததை பைக்குக்கும் செய்வார்கள் என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அதில் அரை நம்பிக்கைதான். ஃபார்முலா 1 ரசிகரில் யாரும் ஃபார்முலா 1 கார் ஓட்டுவதில்லை. அது ஆட்களின் கதை, பணத்தின் கதை, வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். அமெரிக்காவில் பைக் ரேஸின் ரசிகர் பெரும்பாலும் பைக் ஓட்டுகிறவர். ஓட்டுகிற இளைஞர்கள் குறைந்துகொண்டே போனால் ஆஸ்டினை ஒரு வார இறுதிக்கு நிரப்பலாம், மற்ற வாரங்களுக்கு யார் வருவார்கள்?

அதனால் நான் கவனிப்பது மோட்டோஅமெரிக்காவின் ட்வின்ஸ் கப் மாதிரியான சின்ன வகுப்புகளை. யமஹா ஆர்7, அப்ரிலியா ஆர்எஸ்660, சுசுகி எஸ்வி650 ஆகியவை ஓடும் வகுப்பு அது. இருபத்தைந்து வயதுக்காரர் கடனில்லாமல் இல்லாவிட்டாலும், கட்டக்கூடிய தவணையில் வாங்கும் வண்டிகள். சூப்பர்ஸ்போர்ட்டிலும் இப்போது பழைய 600 சிசியோடு பெரிய இன்ஜின்களை அளந்து சமப்படுத்தி ஓடவிடுகிறார்கள். 2009ல் கலகத்தை உண்டாக்கிய அதே யோசனை, இம்முறை பொறுமையாகச் செய்ததால் யாரும் சண்டைக்கு வரவில்லை.

பார்க்கத் தொடங்க நினைப்பவர்களுக்கு மோட்டோஅமெரிக்காவின் யூடியூப் சேனலே போதும். டேட்டோனாவில் நடந்த பேகர் ரேஸ் ஏதாவது ஒன்றில் ஆரம்பியுங்கள். அங்கே முன்னால் போகிறவருக்கு லாபமில்லை. பின்னால் ஒட்டிக்கொண்டு, அவர் கிழித்த காற்றில் வந்து, கடைசி சாய்தளத்திலிருந்து இறங்கும்போது பக்கவாட்டில் தாவுகிறவருக்குத்தான் லாபம். அதனால் கடைசிச் சுற்றில் இரண்டாவதாக இருக்க வேண்டும் என்று எல்லோருமே முண்டியடிப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு சூப்பர்பைக்குக்குப் போங்கள்.